போதும்பொண்ணுக்கு இன்னொரு பேர்

ஊமத்தம்பட்டி செவத்தையாவுக்கு நாலாவதும் பொண்ணாகப் பிறந்து, அதற்குப் பேர் வைக்க உறவெல்லாம் கூடிய அன்றைக்கு, கட்டிக்கொடுத்த ஊர்களிலிருந்து அவருடைய அக்கா தங்கச்சிகள் ஐந்து பேரும் பஸ் ஏறி வந்து, கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டே, "நம்ம வம்சத்துல ஏது பொட்டப்புள்ள? எல்லாம் இவ கொண்டாந்த சீரு" என்று பெற்றவளான வேலுத்தாயைப் பார்த்து ஒரே குரலில் சொன்னார்கள். ஐந்து பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் வம்சத்தில் பொம்பளையே கிடையாது என்று சாதிக்கிற வேடிக்கை அங்கே ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அந்த ஊர்க் கணக்கு அப்படி. கட்டிக்கொடுத்தவள் கணக்கில் வரமாட்டாள், கட்டிக்கொடுக்க வேண்டியவளும் வரமாட்டாள். எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால் செவத்தையா, "புள்ள இல்லண்ணே, மூணும் பொண்ணு" என்பார். இனிமேல் நாலும் பொண்ணு என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

அத்தை சொன்னால்தான் பேர் ஒட்டும் என்பது வழக்கம். மூத்த அத்தை காளீஸ்வரி பிள்ளையை மடியில் போட்டு, முந்தானையால் மூடி, சர்க்கரைத் தண்ணியை நாக்கில் தொட்டு வைத்து, காதில் வாயை ஒட்டி, "போதும்பொண்ணு, போதும்பொண்ணு, போதும்பொண்ணு" என்றாள். பொண்ணு கொடுத்தது போதும், இனி வேண்டாம் என்று சாமிக்குச் சொல்லி அனுப்புகிற பேர் அது. அந்தப் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு ஒரு போதும்பொண்ணு உண்டு, சாமி அதைக் காதில் வாங்கிக்கொண்டதாக இதுவரை தகவல் இல்லை. ஆனால் இந்தத் தடவை, பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து, அத்தையை ஏற இறங்கப் பார்த்து, "சரி" என்றது.

"குரல் கொஞ்சம் கட்டையா இருக்கே" என்றாள் ஒரு அத்தை. "சளி கட்டியிருக்கும், வசம்பு சுட்டு நாக்குல தடவுங்க" என்றாள் இன்னொருத்தி. அதற்குள் பாயசம் வந்துவிட்டது. வேலுத்தாய் மட்டும் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, நீ ஏன்டி பதில் சொன்ன, கேக்காத மாதிரி இருந்திருக்கக் கூடாதா என்று மெதுவாகத் திட்டினாள்.

அதற்குப் பிறகு ஊமத்தம்பட்டியில் பொண்ணே பிறக்கவில்லை. ஊர் எல்லைக்குள் சூல் தங்கிய எந்த வயிற்றிலிருந்தும், அது வடக்குத் தெரு வயிறானாலும் காலனி வயிறானாலும், தாய் வீட்டுக்குப் போய்ப் பெற்றாலும் தர்மாஸ்பத்திரியில் பெற்றாலும், ஆம்பளப்பிள்ளைதான் வந்தது. முதலில் ஊர் கொஞ்சம் கலங்கத்தான் செய்தது, ஆம்பளப்பிள்ளைக்காக இல்லை, மாட்டுக்காக. இந்தப் பேர் தொழுவம்வரைக்கும் போய், மாடெல்லாம் காளங்கன்றாகப் போட ஆரம்பித்தால் பாலுக்கு எங்கே போவது? அந்த மாசம் ஆறு வீட்டில் மாடு கன்று போட்டது, ஆறில் நாலு கிடேரி. ஊர் மூச்சு விட்டது. மாடு என்றால் பொட்டை, மனுசன் என்றால் ஆம்பளை, அந்தப் பேருக்குக்கூட நியாயம் தெரிந்திருக்கிறது என்று டீக்கடையில் மெச்சிப் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் வந்த கூத்தை என்னவென்று சொல்ல! கல்யாணமான சோடிகள் வெளியூரிலிருந்து வந்து குடித்தனம் கேட்டார்கள், மண்டபம் வைத்திருந்த ஊர்த்தலைவர் பூவலிங்கம் மண்டபத்துக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டார். பூவலிங்கத்துக்கே அடுத்தடுத்து நாலு பையன்கள். சில வருசத்தில், செவத்தையா மகள் 'சரி' சொன்ன கதை ஊருக்கு மறந்தே போய்விட்டது, அல்லது மறந்த மாதிரி இருந்துகொண்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஆம்பளைகள் மீசையைத் தடவிக்கொண்டு, "எங்க வம்சமே ஆம்பள வம்சம், ரத்தம் அப்படி" என்றார்கள். பொண்ணாகவே பிறக்கிற வீட்டிலிருந்து எடுத்த மருமகள் இங்கே பையன் பெற்றால், எங்க ரத்தம் அதைத் திருத்திடுச்சு என்றார்கள். இந்த ஊர்ப் பொண்ணு வெளியூரில் வாக்கப்பட்டுப் பொண்ணு பெற்றால், அது மாப்பிள்ளை வீட்டுக் கோளாறு என்றார்கள். ஒருதடவை டவுனிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, ஆணோ பெண்ணோ அது ஆம்பளை பக்கத்திலிருந்து வருவது, ஒவ்வொரு தடவையும் பூவா தலையா போடுவது மாதிரி, வம்சம் கிம்சம் ஒன்றும் கிடையாது என்று விளக்கிவிட்டு, வீடு வீடாக, "உங்க குடும்பத்துல பெண் பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டாள். கேட்ட வீட்டிலெல்லாம் "ஒண்ணும் இல்லங்க" என்றார்கள். செவத்தையா வீட்டில், அன்றைக்கு விருந்தாடியாக வந்திருந்த காளீஸ்வரி அத்தைதான் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டே காபி கொண்டுவந்து வைத்தாள்.

"அப்ப நீங்க?" என்றாள் டாக்டரம்மா.

"நானா? நான் கட்டிக்குடுத்தவ" என்றாள் அத்தை, அதற்கு மேல் அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

போதும்பொண்ணுக்கோ இந்தப் பேரால் ஒரு வேளைச் சோறு நிம்மதியாக இறங்கியதில்லை. விருந்து வீட்டில் பந்திக்குப் பந்தி, இலைக்கு இலை, பரிமாறுகிறவனைப் பார்த்து "போதும் போதும்" என்பார்கள், இவள் கைவேலையைப் போட்டுவிட்டு "என்ன மாமா?" என்று ஓடுவாள், பந்தியே சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் சத்துணவுக் கரண்டி முன்னால், டீக்கடைப் பால் செம்பு முன்னால், பஸ்ஸில் ஆள் ஏறி முடித்ததும் கண்டக்டர் வாயில், எங்கே போனாலும் அவளை யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், ஆனால் ஒருத்தரும் அவளைக் கூப்பிடவில்லை. எல்லாப் பேரும் வா என்கிறது, என் பேர் மட்டும் போ என்கிறது என்று அம்மாவிடம் சொல்லி அழுதாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வேறு பேர்.

பத்தாவது படிக்கும்போது ஒரு டீச்சர், சர்டிபிகேட் வருவதற்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்றாள். இவள் ஆசை ஆசையாக ரேணுகா என்று ஒரு பேரைத் தேர்ந்தெடுத்து, அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா தண்ணிக் குழாயடியில் ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். சாயங்காலம் ஊரே வாசலில் நின்றது.

"வம்சந்தான் தாயி, நாங்க இல்லேங்கல" என்றார் பூவலிங்கம், குரலில் தேன் ஒழுக. "எங்க ரத்தத்துக்கு உன் பேரு எதுக்கு? இருந்தாலும் ஓடுற வண்டியில எதுக்குக் கைய வைக்கணும், சொல்லு. உனக்கென்ன, நல்ல பேரு. அர்த்தமுள்ள பேரு."

"அப்ப உங்க மவனுக்கு வைங்க மாமா, போதும்பையன்னு."

கூட்டம் அதை நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்துக் கலைந்தது. ரேணுகா வாசலோடு போனாள். இவளுக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை, சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா அம்மாவிடம் "குழம்பு போதும்" என்றார், இவள் தட்டை விட்டெறிந்தாள்.

கல்யாண வயசு வந்தபோது ஊர் அவளை வெளியூருக்கும் விடவில்லை, அவள் போனால் பேரும் கூடப் போய்விடுமே. வீட்டோடு மாப்பிள்ளையாக அரியமுத்து என்ற மோட்டார் ரிப்பேர்க்காரனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நல்ல மனுசன். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா" என்பான், "இந்தா பாரு" என்பான், கோபம் வந்தால் "இந்தாம்மா" என்பான். அதற்காகவே அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. இரண்டு பிள்ளை பிறந்தது, இரண்டும் பையன், வேறென்ன பிறக்கும்? பொண்ணு வேண்டும் என்று ஏங்கிப்போய்க் கிடந்தாள். ஆனால் இந்தப் பேர் தன் மேல் இருக்கிறவரைக்கும் வராது என்று அவளுக்குத் தெரியும்.

இதற்குள் 'சரி'க்குப் பின்னால் பிறந்த பையன்கள் மீசை முளைத்து மாப்பிள்ளை ஆனார்கள். பொண்ணு கொடுக்க வெளியூர்க்காரர்கள் முந்திக்கொண்டு வந்தார்கள், நாத்தனார் இல்லாத வீடு என்றால் சும்மாவா? ஆனால் மேடையில் வந்து இடித்தது. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும், மீதி முடிச்சு நாத்தனார் கை. மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி இல்லை, சித்தப்பா மகள் பெரியப்பா மகள் என்று தேடினாலும் இல்லை, முன்னால் பிறந்ததெல்லாம் எப்போதோ வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போயிருந்தது. தாலியைப் பிடித்தபடி பையன் திருதிருவென்று முழிக்க, ஐயர் அவசரப்பட, "போதும்பொண்ணக் கூப்பிடு" என்றார்கள். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. முகூர்த்த நாளில் ஒரு மேடையிலிருந்து இறங்கி இன்னொரு மேடைக்கு ஏறி, ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் அவள்தான் கூடப்பிறந்தவள். அம்மன் கொடைக்கு முளைப்பாரி தூக்க, புது வீட்டுக்கு விளக்கேந்த, எல்லாவற்றுக்கும் பொண்ணு வேண்டும் என்று அப்போதுதான் ஊருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சேலை எடுத்துக் கொடுத்தார்கள், பீரோ கொள்ளவில்லை. கட்டிக்கொள்ள நேரமில்லை.

ஆனாலும் முடிச்சுக்காகவும் முளைப்பாரிக்காகவும் ஊர் மனசு மாறவில்லை. மாற்றியது சாவு. வத்தல் வியாபாரி ஒருத்தர் போய்ச் சேர்ந்தார், மூன்று மகன்கள், மனைவி முன்னமே போய்விட்டாள். பந்தல் போட்டு, மாலை போட்டு, குளிர்பெட்டியில் கிடத்தியிருந்த அந்த வீடு, சாயங்கால பாங்க் மாதிரி அமைதியாக இருந்தது. மாரில் அடித்துக்கொண்டு விழுந்து அழ ஓர் ஆள் இல்லை. மருமகள்கள் முக்காடு போட்டுக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். மகன்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்று, "எப்ப எடுக்கலாம்?" என்றார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த கிழவர்களுக்கு இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. பூவலிங்கத்துக்குக் கையும் காலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மண்டபத்து முன்வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தார், கழுவி விடுகிற முறை இன்றைக்கு யாருடையது என்று நாலு ஆம்பளப்பிள்ளைகளும் அவர் தலைமாட்டிலேயே நின்று சண்டை போட்டார்கள்.

அப்புறம்தான் ஊர் தட்டு நிறையப் பழம் வைத்துக்கொண்டு, பூவலிங்கத்தைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, செவத்தையா வீட்டுக்கு வந்தது. போதும்பொண்ணு மூன்றாவது பிள்ளைக்கு வாயும் வயிறுமாக இருந்தாள்.

"தாயி" என்றார் பூவலிங்கம், வாய் கோணிக்கொண்டு. "பேர மாத்திருவோம். ஊரே கூடிப் பேசிட்டோம். வேணும்பொண்ணு. எப்படி?"

"வாங்கபொண்ணுன்னு வச்சா மரியாதையா இருக்கும்" என்றான் ஒருத்தன்.

"நெறையப்பொண்ணு வேணாம், அப்புறம் நெறைய வந்துரும்" என்றான் இன்னொருத்தன். "அளவா வர்ற மாதிரி ஒரு பேரு பாருங்கப்பா."

வாழ்நாள் பூரா கேட்ட வரம் வாசலில் பழத்தட்டோடு வந்து நிற்கிறது. ரேணுகா என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிசம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. வயிற்றில் இருப்பது இன்னும் பொண்ணாக மாறக்கூடும், யார் கண்டது? ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். கழுவிவிட ஒருத்தி, முடிச்சுப் போட ஒருத்தி, மாரடிக்க ஒருத்தி என்று ஆள் எடுக்க வந்த முகங்கள். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"மாத்திக்கிறேன் மாமா. அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லுங்க. போதும் போதும்னு பேரு வச்சீங்களே, எத்தன இருந்ததுக்குப் போதும்னீங்க? வீட்டுக்கு வீடு பொறந்த பொண்ணுங்க பேரச் சொல்லுங்க. கட்டிக்குடுத்தது, செத்தது, எல்லாம். அப்புறம் மாத்திக்கலாம்."

இதென்ன பெரிய காரியம் என்று மண்டபத்தில் மைக் வைத்துக் கூட்டினார்கள். வெளியூரில் வாக்கப்பட்டவர்களுக்கும் சொல்லி அனுப்ப, அவர்களும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். முதலில் ஏறியவர் மைக்கைத் தட்டி, "எங்க வம்சத்துல பொண்ணு கெடையாது" என்று பழக்கதோசத்தில் ஆரம்பித்தார், பின்வரிசையில் அவருடைய சொந்தத் தங்கச்சி எழுந்து நின்றாள். பெரியத்தை பேர் தெரியாமல் ஒருத்தர் 'சாத்தூர்க்காரி' என்றார், ஒருத்தர் தன்னோடு பிறந்தவளை 'டெய்லர் சம்சாரம்' என்றார். கொள்ளுப்பாட்டன் பேரை நாலு தலைமுறைக்குக் கடகடவென்று ஒப்பித்தவர்களுக்குக் கூடப்பிறந்தவள் பேர் நாக்கில் வரவில்லை. பின்வரிசையிலிருந்து அவளவள் எழுந்து தன் பேரைத் தானே சொன்னாள். சொல்லச் சொல்ல, ஆம்பள வம்சம் என்று ஒரு வீடுகூட மிஞ்சவில்லை. எல்லா வீட்டிலும் பாதிக்குப் பாதி, கொஞ்சம் முன்னே பின்னே.

செவத்தையா முறை வந்தது, மகள்கள் நாலு பேரையும் முதலில் சொன்னார். அக்கா தங்கச்சி ஐந்து பேர் பேரையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார், தப்பில்லாமல் சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு இறங்கப் போனார்.

"ஆறு" என்றாள் காளீஸ்வரி அத்தை.

தலை நரைத்து, கண் மங்கி, அவள் பின்வரிசையில் உட்கார்ந்தபடியே சொன்னாள். "உனக்குத் தெரியாதுப்பா செவத்தையா, நீ பொறக்கல. உனக்கு நேர் மூத்தவ. அவளுக்குப் பேரு வைக்கிற வரைக்கும் யாருக்கும் பொறுக்கல. நான்தான் மடியில வச்சிருந்தேன். கொண்டான்னாங்க, குடுத்துட்டேன்."

அப்புறம் பின்வரிசையில் ஒரு கிழவி, "எங்க வீட்டுலயும் ஒண்ணு" என்றாள். இன்னொருத்தி கையை மட்டும் தூக்கினாள்.

எப்போதும் காரியத்தில் கண்ணாக இருக்கிற பூவலிங்கத்தின் மூத்த மகன், "சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப இவளுக்கு வேணும்பொண்ணுன்னு..." என்று ஆரம்பித்தான்.

"எனக்குக் கெடக்கட்டும்" என்றாள் போதும்பொண்ணு. அத்தை பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அவளுக்கு ஒரு பேரு வைங்கத்தே மொதல்ல."

"யாரு காதுலடி சொல்லுவேன்?"

"என் காதுல சொல்லுங்க."

அத்தை முந்தானையை இழுத்து இரண்டு தலையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். உள்ளே என்ன சொன்னாள் என்று ஊருக்குக் கேட்கவில்லை. என்ன பேர், எப்படி எழுதுவது, கெஜட்டில் போடவேண்டாமா என்று துளைத்தெடுத்தார்கள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. இதெல்லாம் பலிக்காது என்று முணுமுணுத்துக்கொண்டே ஊர் கலைந்து போனது.

அடுத்த மாசமே வடக்குத் தெருவில் ஒரு பொண்ணு பிறந்தது. அதற்கடுத்து காலனியில் ஒன்று, நடுவில் ஒரு பையன், அப்புறம் இரட்டையில் ஒன்று அது ஒன்று இது. நிறைமாசமாக இருந்த வயிறு எப்படி மாறியது என்று யாரும் கேட்கவில்லை. டீக்கடையில் மீசையைத் தடவிக்கொண்டு, "எங்க வம்சத்துல எப்பவுமே பொண்ணு ராசிதான், எங்களுக்கு அத்தைகளே எத்தன பேரு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பேர் சொல்லக்கூடப் பழகியிருந்தார்கள்.

போதும்பொண்ணுக்கும் பொண்ணுதான் பிறந்தது. ஊர் ஓடி வந்து பார்த்தது. என் பேரன் கல்யாணத்துக்கு இவதான் முடிச்சுப் போடணும் என்றார்கள், வருகிற கொடைக்கு முளைப்பாரிக்குச் சொல்லி வைத்தார்கள், மூக்கு யாருடைய மூக்கு என்று சண்டை போட்டார்கள். செவத்தையா தாத்தா மூக்கு என்றார். அரியமுத்து, "எம் மூக்குதாங்க" என்று தைரியமாக ஒரே ஒருதடவை சொல்லிப் பார்த்தான்.

காளீஸ்வரி அத்தை மத்தியான பஸ்ஸில் வந்தாள். கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, பிள்ளையை மடியில் வாங்கி, மங்கின கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அவளேதான்" என்றாள். பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து, மண்ணில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"பாலு கேட்டு அழுதவளே, என் அன்னமயிலு, உனக்குப் பாலா குடுத்தாக, என் அன்னமயிலு..."

ஊமத்தம்பட்டி அப்படி ஓர் அழுகையைக் கேட்டு வருசக்கணக்காகிவிட்டது. கடைக்காரர்கள் இறங்கி வந்தார்கள், பஸ் நின்றது. எதிர்ச்சாரியில் மண்டபத்து முன்வாசலில் கட்டிலில் கிடந்த பூவலிங்கம் தலையைத் தூக்கினார்.

"யாருடா செத்தது?"

"யாரும் சாகலப்பா. செவத்தையா வீட்டுல பொண்ணு பொறந்திருக்கு" என்றான் தலைமாட்டில் நின்ற மகன்.

"அப்புறம் எதுக்கு அழுவுறா?" அவர் காது கொடுத்துக் கேட்டார். "நல்லா அழுவுறாடா. எனக்கும் வந்து அழச் சொல்லி வை."

மகன் தெருவைத் தாண்டிப் போய்விட்டு வந்தான். "கேட்டேம்ப்பா. இத அழுது முடிக்கவே அவங்களுக்கு ஆயுசு பத்தாதாம்."

அழுகை தெருவில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு முந்தானைக்குள் கேட்ட அந்தப் பேர் வரும்போதெல்லாம் தலையை நிமிர்த்தி, வாசல் பக்கம் பார்த்து, "என்னத்தே?" என்றாள்.